இரண்டாவது பொட்டலம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூப்போட்டுப் பார்க்கும்போது ஒரு பொட்டலத்தைப் பிரித்ததோடு நிறுத்த மாட்டோம். வெள்ளைப்பூ ஒரு வாழையிலைத் துண்டில், சிவப்புப்பூ இன்னொரு துண்டில். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்படி கட்டி, அம்மன் காலடியில் போட்டு, காரியத்தில் சம்பந்தமில்லாத யாரையாவது எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் பொட்டலத்தையும் பூசாரி எல்லாரும் பார்க்கப் பிரித்துக் காட்டுவார். அதில் சிவப்பு இருந்தால்தான் கேட்டது கேட்டதாகும். இரண்டிலும் வெள்ளையையே கட்டி வைத்து ஊரை ஏமாற்றுகிற ஆள் எந்தக் காலத்திலும் இருப்பான் என்று எங்கள் முன்னோருக்குத் தெரிந்திருக்கிறது. அம்மனை நம்பினார்கள். கட்டுகிறவன் கையை நம்பவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த வருஷம் என்னைப் பார்த்து, சாமி இல்லை என்கிற கட்சியில் சேர்ந்துவிட்டான் என்று சொன்னார்கள். விடிந்ததும் குளித்துவிட்டு விளக்கேற்றாமல் நான் ஒரு வாய் தேத்தண்ணி குடித்தது கிடையாது. வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கிடையாது. கல்யாணமான வருஷத்திலிருந்து திருவிழாவுக்குக் காவடி எடுக்கிறேன். அப்படிப்பட்ட என்னைச் சொன்னார்கள். அந்த வாய்கள் அடுத்த நாள் என்னிடமே வந்து திருநீறு கேட்டன, கொடுத்தேன். அது வேறு கதை.

நாங்கள் இருந்தது பணிய லயத்தில். கீழே என்பதை இந்தப் பக்கத்தில் பணிய என்றுதான் சொல்வோம். லயம் என்றால் மலையை வெட்டி எடுத்த இடத்தில் வரிசையாகக் காம்பராக்கள். ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு குடும்பம், அடுத்த காம்பராவுக்கும் நமக்கும் ஒரே சுவர். பின்பக்கம் பார்த்தால் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற இடைவெளி, அதைத் தாண்டினால் செங்குத்தாக மண் திட்டு. போன வருஷத்து மழையில் அந்தத் திட்டு பிளந்தது. கொஞ்ச நாளில் எங்கள் சுவரும் பிளந்தது. பின்சுவரில் ஆரம்பித்து, நடுச்சுவருக்குத் திரும்பி, பக்கத்துக் காம்பராவுக்குள் போகிற வெடிப்பு. கையை நுழைக்கலாம். என் மனைவி பழைய சேலையைக் கிழித்து அதில் அடைத்து, மேலே ஒரு சாமி காலண்டரைத் தொங்கவிட்டாள். காற்றடித்தால் அம்மன் ஆடுவாள்.

நுவரெலியாவிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். திட்டைப் பார்த்தார்கள், சுவரைத் தட்டினார்கள், எங்கள் லயத்து வாசல்களில் சிவப்புப் பெயிண்டால் குறி போட்டார்கள். அவர்களில் வயதான ஒருவர், சிங்களவர், நல்ல மனுஷன், காலண்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் மனைவியிடம், "மெத்தன இன்ன எப்பா" என்றார். இங்கே இருக்க வேண்டாம் என்று. அப்படியானால் எங்கே போகட்டும் என்று அவளும் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டாள். அவர் பெயிண்ட் டப்பாவை மூடினார்.

அந்த வெடிப்புச் சுவரை ஒட்டித்தான் என் மகளின் மேசை இருந்தது. லயத்திலேயே அந்த மூலையில்தான் சிக்னல் பிடிக்கும். கொழும்பிலிருக்கும் ஒரு கம்பெனிக்கு அவள் இங்கிருந்தபடியே கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுக்கிறாள். எழுதுகிறாள் என்றால் கடிதம் மாதிரி இல்லை, அது என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாகச் சொல்லி வைப்பது. நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற வேலை. வேலை விட்டு வந்து அவள் பின்னால் நின்று அந்தத் திரையைப் பார்ப்பேன். ஒன்றும் புரியாது. ஆனாலும் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அது யோசிக்காது என்று ஒருநாள் சொன்னாள். நாம் யோசித்து முடித்ததை அது செய்யும், அவ்வளவுதான். இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய். எவ்வளவு பெரிய வேலையானாலும் உடைத்துப் பார்த்தால் உள்ளே இதுதான் இருக்கும் என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இது எங்களுக்குப் புதுசா என்று கேட்டேன். சங்கு ஊதினால் எழும்பு. பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கிற இடத்துக்கு, பிந்தி வந்தால் வீட்டுக்குத் திரும்பு. கணக்குப்பிள்ளை பார்த்தால் தலையைக் குனி. துரையின் ஜீப் வந்தால் ரோட்டோரத் தண்ணி ஓடுகிற கானுக்குள் இறங்கி நில். இதை யாரும் எனக்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை, கால் தானாக இறங்கும். துரை மாறி, கம்பெனி மாறி, ஜீப்பும் மாறிவிட்டது. இன்றைக்கும் தலவாக்கலை டவுனில் பின்னால் ஒரு பெரிய வாகனம் ஹோர்ன் அடித்தால், நடைபாதையில் நடந்துகொண்டிருக்கிற என் கால் கானைத் தேடுகிறது. நான் சொல்லாமலே. என் காலுக்குள் யாரோ எழுதி வைத்திருக்கிறான். எழுதியவன் செத்து மண்ணாகியிருப்பான், அவன் எழுதியது என் முழங்காலில் ஓடிக்கொண்டிருக்கிறது.

"ஆனா அதுக்கு எரிச்சல் வராதுப்பா," என்றாள் மகள். "ஒங்களுக்கு இப்ப வருதே."

இன்னொரு நாள் வேறு ஒரு சந்தேகம் கேட்டேன். ஒரே வரிகளைக் கொடுத்து ஒரே மாதிரி ஓட்டினால் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தானா என்று. ஆமாம், வேண்டுமென்றே சீட்டுக் குலுக்குகிற மாதிரி எழுதினால்தான் மாறி வரும் என்றாள். நான் யோசித்தேன். தினமும் அதே விளக்கு, அதே திருநீறு, அதே நூற்றெட்டுப் போற்றி. ஒரு எழுத்து மாற்றிச் சொல்வதில்லை. ஆனால் ஒருநாள் கண்ணீர் வருகிறது, ஒருநாள் பசி ஞாபகம் வருகிறது, ஒருநாள் யாரையாவது அடிக்க வேண்டும் போலிருக்கிறது. இதை அவளிடம் சொன்னேன். "அப்ப ஒங்க மண்டைலதான் கோளாறு, கொண்டாங்க பாப்போம்" என்று என் தலையைப் பிடித்து ஆட்டினாள். அவளுடைய அம்மா அடுப்படியிலிருந்து, பார்த்துப் பிடி, உள்ளே இருக்கிறது கொஞ்சம்தான் என்றாள்.

அந்தச் சிரிப்பெல்லாம் வீடு வருவதற்கு முன்பு.

மேட்டில், சமதரையில், அரசாங்கம் வீடு கட்டியது. ஒவ்வொன்றும் தனி வீடு, தனிச் சுவர், சுற்றி ஒரு பிடி மண். சிவப்புக் குறி போட்ட காம்பராக்காரர்களுக்கு என்றுதான் அடிக்கல் வைக்கும்போது மைக்கில் சொன்னார்கள். நான் காதால் கேட்டேன். சுவர் எழும்பியபோது, கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு என்றார்கள். கூரை போட்டபோது, தோட்டத்து மக்கள் எல்லாருக்கும் என்றார்கள். எல்லாருக்கும் என்ற சொல் வந்ததும் நான் வீடுகளை எண்ணிப் பார்த்தேன். கட்டியிருக்கும் வீடு கொஞ்சம், எல்லாரும் என்பவர்கள் நிறைய. எல்லாருக்கும் என்று சொன்னால் யாருக்கு என்று அப்புறம் ஒருவன் தீர்மானிப்பான் என்று அர்த்தம்.

அந்த ஒருவர் எங்கள் தோட்டத் தலைவர். தொழிற்சங்கத்தின் தலைவர். மேல் லயத்துக்காரர். அவரைக் கெட்டவர் என்று நான் எப்போதும் சொன்னதில்லை, சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வருவார். ஆனால் தேர்தல் வந்தால் அவர் எந்த வாகனத்தில் ஏறுகிறாரோ அந்த வாகனத்துக்கு நாங்கள் ஓட்டுச் சீட்டில் புள்ளடி போட வேண்டும். போட்டோம். யாருக்குப் போடுகிறோம் என்று நானும் பல வருஷம் யோசித்ததில்லை. அதுவும் ஒரு கால் இறங்குகிற கான்தான்.

அவர் கூட்டம் போட்டுப் பேசினார். இந்தத் தடவை சிபாரிசு இல்லை, சங்கம் பார்ப்பதில்லை, மாமன் மச்சான் இல்லை, கம்ப்யூட்டர் தெரிவு செய்யும், அதுவும் அம்மன் சந்நிதியில் வைத்து என்றார். எல்லாரும் கை தட்டினோம். என் மகள் மட்டும் எழும்பி, அதற்கு என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பார்க்கலாமா என்று மரியாதையாகத்தான் கேட்டாள். சிவப்புக் குறி போட்ட வீட்டுக்காரர்களை முதலில் எடுக்கும்படி எழுதியிருக்கிறதா என்று. தலைவர் சிரித்தார். "தங்கச்சி, அம்மன் முன்னுக்கு வச்சு செய்யப் போறோம். அம்மனையே செக் பண்ணணுமா?" என்றார். கூட்டமும் சிரித்தது. படித்த பிள்ளைக்கு வாய் நீளம் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். சொன்னது எங்கள் லயத்து ஆள்தான்.

அந்த நாள் வந்தது. டவுனில் போட்டோக் கொப்பியும் கம்ப்யூட்டரும் வைத்துக் கடை நடத்துகிற ஒருவரைத் தலைவர் கூட்டி வந்திருந்தார். கோயில் மண்டபத்தில் ஒரு மேசை, அதில் மடிக்கணினி, பக்கத்தில் எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு பெரிய டிவி. பூசாரி வந்தார். மடிக்கணினி மூடியில் சந்தனம் வைத்தார், அதன்மேல் குங்குமம். செவ்வந்தி மாலையை மடித்து டிவிக்குப் போட்டார். தேங்காய் உடைத்தார், கற்பூரம் காட்டினார். எங்கள் ஆட்கள் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். என் மனைவியும்தான்.

எனக்கு இப்போது நினைத்தாலும் அங்கேதான் பற்றிக்கொண்டு வருகிறது. வண்டிக்கு, அரைக்கிற மெஷினுக்கு, பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு எல்லாவற்றுக்கும் நாங்கள் பொட்டு வைப்போம். அது நல்ல வழக்கம். கை கூப்பினால் மனசு குனியும், குனிய வேண்டிய இடத்தில் குனிவது நல்லது. ஆனால் பொட்டு வைத்த பொருளை நாங்கள் கேள்வி கேட்க மாட்டோம். அது எங்களுக்குள் எழுதியிருக்கிறது. சந்தனம் இருந்தால் கும்பிடு. அந்த வரி எங்களுக்குள் இருக்கிறது என்று எங்களைவிட நன்றாகத் தெரிந்த ஒருவன்தான் அந்தப் பெட்டிக்குச் சந்தனம் வைக்கச் சொன்னான்.

கடைக்காரர் ஒரு பொத்தானை அமுக்கினார். டிவியில் பெயர்கள் மளமளவென்று உருண்டன. எல்லா லயத்துப் பெயரும் கலந்து ஓடியது. கண் வலித்தது. பிறகு ஒவ்வொன்றாக நின்றது. நின்ற முதல் பெயர் தலைவரின் மைத்துனர். அப்புறம் மேல் லயம், மேல் லயம், சங்கத்துக் காரியதரிசியின் அண்ணன், ஸ்டோர் பக்கத்து லயத்தில் கூட்டத்துக்குப் பந்தல் போடுகிறவர், மறுபடி மேல் லயம். எங்கள் பணிய லயத்திலிருந்தும் ஒரு பெயர் வந்தது, தலைவரின் லொறியை ஓட்டுகிறவர். பெயர் வர வர அந்தந்த ஆள் எழும்பி அம்மனைக் கும்பிட்டு உட்கார்ந்தான். எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் கைக்குழந்தையோடு இருக்கிற பெண், கடைசிப் பெயர் நிற்கும்வரை முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பெயரும் நின்றது.

மகள் என் காதுக்கிட்டே வந்தாள். "அப்பா, இன்னொரு தடவ அமுக்கச் சொல்லுங்க."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. சீட்டுக் குலுக்கினால் இரண்டாம் தடவை வேறு பெயர் வர வேண்டும், அதே பெயர்கள் வந்தால் அது குலுக்கல் இல்லை என்றாள். அவள் கேட்டால் உட்கார வைத்துவிடுவார்கள் என்று இருவருக்கும் தெரியும். நான் எழும்பினேன்.

"தலைவரே, ஒரு சின்ன ஆசை. இன்னொரு தடவ அமுக்கிக் காட்டுங்க."

தலைவருக்கு அதில் ஒரு சங்கடமும் தெரியவில்லை. "அமுக்கு தம்பி, அண்ணனுக்கு மனசு ஆறட்டும்" என்றார். கடைக்காரர்தான் அமுக்கவில்லை. தலைவரைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், வயரைச் சரி செய்தார். அமுக்கு என்று தலைவர் மறுபடி சொன்னார். அமுக்கினார்.

பெயர்கள் மளமளவென்று உருண்டன. முதலில் நின்றது தலைவரின் மைத்துனர். அப்புறம் மேல் லயம், மேல் லயம், காரியதரிசியின் அண்ணன், பந்தல் போடுகிறவர். அதே பெயர், அதே வரிசை. லொறி ஓட்டுகிறவர் அதே இடத்தில் வந்து நின்றார்.

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தலைவரின் முகத்தில் அப்போதுதான் வேர்த்தது. இந்த இடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது, சனங்களுக்குப் புரிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அப்படித்தான் யாரும் நினைப்பார்கள்.

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா மெல்லக் கையைத் தலைக்குமேல் கூப்பினாள். "தாயே" என்றாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. பிறகு கூட்டமே. இரண்டு தடவை கேட்டும் அம்மன் ஒரே வாக்குச் சொல்லிவிட்டாளாம். ஒரு ஆளுக்கு அருள்கூட வந்தது.

தலைவர் புத்திசாலி. ஒரு மூச்சு விட்டார், உடனே பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா. பூவுக்கு ஒரு தடவதான் கேப்போம். இங்க ரெண்டு தடவ கேட்டோம். அம்மன் வாக்கு மாறல" என்றார்.

என் மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். களவைக் கண் முன்னால் இரண்டு தடவை காட்டியாகிவிட்டது, இரண்டாம் தடவை காட்டியதையே அற்புதம் என்று கும்பிடுகிறார்கள். யார்மேல் கோபப்படுவது? அந்த அம்மா எங்கள் லயம். அவள் வீட்டு வாசலிலும் சிவப்புக் குறி இருக்கிறது. அவள் கும்பிட்டது தன் தலைமேல் விழப்போகிற மண்ணை.

அப்போதுதான் எனக்குப் பூப்பொட்டலம் ஞாபகம் வந்தது. நேராகத் தலைவர் முன்னால் போனேன்.

"பூப்போட்டா ரெண்டு பொட்டலத்தையும் பிரிச்சுக் காட்டுவோம். இதுல ரெண்டாவது பொட்டலம் எங்க தலைவரே? பணிய லயத்து பேரெல்லாம் எந்த பொட்டலத்துல கெடக்கு?"

பூசாரி குறுக்கே வந்தார். நல்ல மனிதர். சண்டை வேண்டாம், நம் பழைய முறைப்படி பூவே போட்டுக் கேட்டுவிடுவோம், இந்தப் பெயர்கள் சரியா இல்லையா என்று அம்மனே சொல்லட்டும் என்றார். கூட்டம் அதுதான் சரி என்றது. தலைவரும் தலையாட்டினார். ஏன் ஆட்ட மாட்டார்? வெள்ளை வந்தால் அவர் ஜெயித்தார். சிவப்பு வந்தால் அம்மன் மறுத்துவிட்டாள், தன்னால் என்ன செய்ய முடியும் என்று கையைக் கழுவிவிடுவார். எது வந்தாலும் அவர் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

"வேணாம் சாமி," என்றேன். "செவுரு வெடிச்சிருக்கு. அது அம்மனுக்குத் தெரியும். அவங்ககிட்ட கேக்க ஒண்ணுமில்ல. வீடு யாருக்குன்னு மனுசன்தான் சொல்லணும். சொல்ற ஆளு எங்க மொகத்தப் பாத்துச் சொல்லட்டும்."

பூவை மறுத்துவிட்டான் என்ற பேச்சு அங்கேதான் பிறந்தது. நான் மண்டபத்தை விட்டு இறங்குவதற்குள் அது என்னைத் தாண்டிப் பெரட்டுக்களம்வரை போயிருந்தது.

இரண்டொரு நாள் கழித்து மத்தியானம் தலைவர் எங்கள் காம்பராவுக்கே வந்தார். என் மனைவி தேத்தண்ணி கொடுத்தாள். அவர் வெடிப்பைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், இருமினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். மேட்டு வீடுகளில் ஒன்று விடுபட்டு இருக்கிறதாம், வேறு திட்டத்துக்கு வைத்திருந்ததாம், அதை எங்களுக்குச் செய்து தரலாமாம். மகளை மட்டும் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்ல வேண்டுமாம். அவள் அதற்குள் கடைக்காரரோடு பேசியிருந்தாள். உருளுகிற பெயர்கள் வெறும் படம்தான், நிற்க வேண்டிய பெயர்களை முன்னமே சொல்லித்தான் செய்யச் சொன்னார்கள் என்று அந்த மனுஷன் அவளிடம் ஒத்துக்கொண்டிருந்தார். அது தலைவர் காதுக்கும் போயிருந்தது.

"அண்ணே, நானா எடுத்துக்கிறேன்? மேலேர்ந்து இன்னார் இன்னாருக்கு குடுன்னு சொல்றாங்க. நான் என்ன பண்றது?" என்றார். அது பொய் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குள்ளும் யாரோ எழுதி வைத்திருக்கிறான். ஆனால் ஜீப்புக்குக் கானில் இறங்குகிறவன் தன் காலைத்தான் நனைத்துக்கொள்கிறான். இவர் எங்களைத் தள்ளிவிட்டு இறங்குகிறார்.

அவர் போனதும் என் மனைவி சண்டை பிடித்தாள். வீட்டை எடுத்துக்கொண்டால் என்ன, ஊருக்கெல்லாம் நியாயம் பேச நீ யார், உன் பிள்ளை அந்தச் சுவருக்குக் கீழேதான் ராப்பகலாக உட்கார்ந்திருக்கிறாள் என்று. அவள் சொன்னதில் பிழை இல்லை. அடுத்த நாள் காலை விளக்கேற்றிப் போற்றி சொன்னேன். நூற்றெட்டும் சொல்லி முடித்த பிறகும் என்ன செய்வது என்று தெரியவில்லை. அதே வார்த்தைகள்தான், அன்றைக்கு ஒன்றுமே வரவில்லை.

நான் அங்கேயே உட்கார்ந்திருக்க, மனைவி பின்சுவர்ப் பக்கம் போனாள். வெடிப்பில் அடைத்த துணி ஈரமாகிவிட்டது, மாற்ற வேண்டும். காலண்டரைக் கழற்றி, துணியை இழுத்தாள். நடுச்சுவர் வெடிப்பு வழியாகப் பக்கத்துக் காம்பராவில் குழந்தை முனகுவது நம் வீட்டுக்குள் முனகுகிற மாதிரி கேட்டது. கொஞ்ச நேரம் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு புதுத்துணியை எடுத்துக் குத்திக் குத்தி அடைத்தாள். என்னை அடிக்கிற மாதிரி.

"நாம போயிட்டா இந்தப் பக்கம் அடைக்க ஆளில்ல," என்றாள், என்னைப் பார்க்காமலே. "காத்து நேரா அந்தப் புள்ள மேலதான் அடிக்கும். போய்ச் சொல்லுங்க அந்த ஆளுகிட்ட, வேணாம்னு. சாமி கும்புட்டது போதும்."

போய்ச் சொன்னேன்.

மழை வந்தது. கொத்மலைப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்து, விடாமல் பெய்தது. ஒருநாள் விடிந்து பார்த்தால் திட்டிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டு வந்து லயத்துக் கோடிக் காம்பராவின் குசினிக்குள் உட்கார்ந்திருந்தது. நல்லவேளை, அடுப்படியில் யாரும் இல்லை. அதோடு எல்லாரும் வெளியே வந்துவிட்டோம். அரிசி, சட்டி, பிள்ளைகள், கோழி, மகளின் மடிக்கணினி. எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை. நான் முன்னால் நடந்தேன், கோயிலுக்கு. பூசாரி வீட்டு வாசலில் நின்று மண்டபத்துச் சாவி வேண்டும் என்றேன். அவர் தலைவரைக் கேட்க வேண்டும் என்று சொல்வார் என்று நினைத்தேன். உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "நானே வந்து தொறக்கணும், ஆனா எனக்கு பொட்டி வச்ச அந்த மேசையப் பாக்க முடியல" என்றார்.

அன்றிலிருந்து மண்டபத்தில் இருக்கிறோம். ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் பாய், பிள்ளைகளின் துணி கம்பி வேலியில். முன்வரிசையில் கையைக் கூப்பின அந்த அம்மாவும் இங்கேதான் இருக்கிறாள். முதல் இரண்டு நாள் என் பக்கம் திரும்பவில்லை. மூன்றாம் நாள் ஒரு கோப்பைத் தேத்தண்ணியை என் பக்கத்தில் வைத்துவிட்டு, "அமுக்குனவன் கை முறிஞ்சு போக" என்று யாரையோ திட்டிக்கொண்டு போனாள். அந்தக் கடைக்காரரை அல்ல என்று நினைக்கிறேன். அவர் எங்களுக்குக் காலையில் சாப்பிடப் பாண் வாங்கி அனுப்புகிறார்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிற நாள் நெருங்கியதும் தலைவர் வந்தார். படியில் நின்றார், மேலே ஏறவில்லை. மண்டபத்தைக் கழுவ வேண்டும், சுத்தம் பார்க்க வேண்டும், இங்கே பொம்பளைகள் எல்லா நாளும் படுத்திருந்தால் அம்மனுக்கு ஆகாது, எப்போது இறங்குவீர்கள் என்று கேட்டார். மேல் லயத்து ஆட்களும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். என் மனைவி கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"அந்தப் பொட்டியக் கொண்டாங்க தலைவரே. நாங்க எப்ப எறங்குவோம்னு அமுக்கிப் பாப்போம்."

மண்டபம் சிரித்தது. அவருக்குப் பின்னால் நின்றவர்களிலும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர் திரும்பி அவர்களைப் பார்த்தார். அவர்கள் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

நுவரெலியாவிலிருந்து அந்த வயதான அதிகாரி மறுபடி வந்தார், இந்தத் தடவை மேலதிகாரியோடு. மகள்தான் பேசினாள். கடைக்காரர் தானே வந்து, தனக்குச் சொன்னதும் தான் செய்ததும் இன்னதென்று அவர்கள் முன்னால் சொன்னார். மேட்டு வீடுகளின் சாவிகளை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். யாருக்கு என்று இன்னும் சொல்லவில்லை. மண்டபத்திலிருந்து பார்த்தால் அந்தக் கூரைகள் மழையில் பளபளவென்று தெரிகின்றன, உள்ளே ஒருவரும் இல்லாமல்.

காப்புக் கட்டு தள்ளிப்போகிறது. அம்மனுக்குக் கோபம் வரும் என்று மேல் லயத்தில் பேசிக்கொள்கிறார்கள். நான் காலையில் விளக்கேற்றும்போது சுற்றிலும் பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள், சந்நிதிக் கதவுவரை. அவர்களைத் தாண்டித் தாண்டித்தான் போய்த் திரியைத் தூண்ட வேண்டியிருக்கிறது. பக்கத்துக் காம்பராக் குழந்தை அம்மன் படிக்கு நேராகத்தான் தூங்குகிறது. அதே நூற்றெட்டுப் போற்றியைச் சொல்கிறேன். முடிந்ததும் இப்போது ஒன்றைச் சேர்த்துக் கேட்கிறேன், சத்தமாக, மேல் லயத்துக்கும் கேட்கட்டும் என்று. கோபம் வந்தால் வரட்டும் தாயே. வருகிற கோபம் யார் மேல் என்று மட்டும் பார்த்து வரட்டும்.